உசிருக்கு ரீலோட் போடுற கதை: பிளக் மிரர் 'கொமன் பீப்பிள்'

நான் மட்டக்களப்பு களுவாஞ்சிகுடில சின்னதா ஒரு கொமினிகேசன் வச்சி நடத்துறன். ரீலோட் போடுறது, அதாவது போனுக்குக் காசு ஏத்திக் குடுக்கிறது, போட்டோகொப்பி அடிக்கிறது, லெமினேட் பண்ணிக் குடுக்கிறது, ஆரும் பேஸ்புக் பாஸ்வேட் மறந்து வந்தா எடுத்துக் குடுக்கிறது, இதுதான் எண்ட வேல. இத ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, பிளக் மிரர் ஏழாவது சீசன்ட முதலாவது எபிசோட் 'கொமன் பீப்பிள்' பார்த்து முடிச்ச நேரம் எனக்கு வந்த குற்ற உணர்ச்சி சும்மா படம் பார்க்கிற ஆக்களுக்கு வராது, அது பெக்கேஜ் விக்கிறவனுக்கு மட்டும்தான் வரும்.

பிளக் மிரர் தெரியாத ஆக்களுக்கு சுருக்கமா சொல்லுறன். சார்லி ப்ரூக்கர் எண்டு ஒரு இங்கிலாந்துக்காரர் எழுதுற தொடர், 2011 டிசம்பர்ல அங்கத்தைய சனல் 4ல தொடங்கி 2016ல இருந்து நெட்ஃபிளிக்ஸ்ல போகுது. எங்கட மெகா சீரியல் மாதிரி இல்ல, ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை, தனி ஆக்கள், நடுவில இருந்து பார்த்தாலும் ஒண்டும் குறையாது. 1959ல ரொட் செர்லிங் தொடங்கின ட்வைலைட் ஸோன் எண்ட அமெரிக்கத் தொடர்ட வழியில வந்த சாமான்தான் இதுவும். ஏழாவது சீசன் ஆறு எபிசோட், 2025 ஏப்ரல் 10ஆம் திகதி விட்டாங்க, சித்திர வருசத்துக்கு நாலு நாள் இரிக்கக்க. அந்த நேரம் கடையில நிக்கவே நேரமில்ல, வெளிநாட்டில இரிக்கிற ஆக்கள் எல்லாம் இஞ்ச வீட்டாக்களுக்கு ரீலோட் போடச் சொல்லி மெசேஜ் அடிச்சிக்கிட்டே இரிப்பாங்க, அதால நான் இதப் பார்த்தது மறுகா கன நாள் கழிச்சித்தான். அதுவும் கட்டார்ல இரிக்கிற மச்சான்ட எக்கவுண்ட்ல.

கதை இதுதான். அமென்டா ஒரு ரீச்சர், மைக் வெல்டிங் வேல செய்யிறவன். வசதியான ஆக்கள் இல்ல, ஆனா ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே இரிக்கிற சோடி, பிள்ளைக்கு முயற்சி செஞ்சிக்கிட்டு இரிக்காங்க. ஒருநாள் வகுப்பில படிப்பிச்சிக்கிட்டு நிக்கக்க அமென்டா விழுந்திர்றா. மூளையில கட்டி, டொக்டர்மார் கைய விரிச்சிட்டாங்க. அப்பதான் ரிவர்மைன்ட் எண்டு ஒரு புதுக் கொம்பனில இருந்து கெய்னர் எண்டு ஒரு பொம்புள வாறா. கட்டி பிடிச்ச பகுதிய கொப்பி பண்ணி எங்கட செர்வர்ல வைப்பம், கட்டிய வெட்டி எடுத்திட்டு அந்த இடத்தில நாங்க செஞ்ச சாமான வைப்பம், செர்வர்ல இருந்து சிக்னல் வந்துக்கிட்டே இரிக்கும், உங்கட மனுசி பழையபடி எழும்பி நடப்பா எண்டு விளங்கப்படுத்துறா. ஒபரேசன் இலவசம். மாசம் 300 டொலர் மட்டும் கட்டினாக் காணும்.

300 டொலர் எண்டா எங்கட காசுக்கு அப்ப 90 ஆயிரத்துக்குக் கிட்ட. நான் போன கையில வச்சிக்கிட்டு கணக்குப் பார்த்தன், பழக்கதோசம். ஆனா அந்த இடத்தில மைக் கணக்குப் பார்க்கல்ல பாருங்க, அதுதான் உண்ம. மனுசி கட்டில்ல கண்மூடிக் கிடக்கக்க ஆருகா கல்குலேட்டர் அமத்துவான்? கெய்னருக்கும் அது தெரியும். அவ வந்த நேரமே அதுதான்.

மறுகா நடக்கிறதெல்லாம் ஒரு சிம் வாங்கின ஆருக்கும் விளங்கும். கலியாண நாளுக்கு ரெண்டு பேரும் வருசா வருசம் போற லொட்ஜ் ஒண்டு இரிக்கி, அதுக்குக் கார்ல போகக்க அமென்டா பொத்தெண்டு மயங்கிர்றா. என்னடா எண்டு பார்த்தா, கவரேஜ் இல்லாத இடத்துக்கு வந்திட்டாங்களாம்! இந்த இடத்தில நான் சிரிச்சிட்டன், மறுகா சிரிப்பு வரல்ல. ஏன் எண்டா எங்கட அப்பாட வயல் வெல்லாவெளிக்கு அங்கால, வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைப் பக்கம். கிழக்கால எங்கட எழுவான்கரையில நிண்டா போன்ல நாலு கோடு காட்டும், மண்முனைப் பாலத்தால போனா என்ன குருமண்வெளில வாவியக் கடக்கிற பாதை எண்ட மிதவையில ஏறி மண்டூருக்குப் போனா என்ன, உள்ளுக்குப் போகப் போக கோடு ஒவ்வொண்டாக் குறையும், வாடிக்குப் போய்ச் சேர்ந்தா போன் வெறும் டோர்ச்லைட்தான். வீட்டுக்கு எடுத்துக் கதைக்க எண்டா குளக்கட்டுல ஏறி நிண்டு கைய உசத்திப் பிடிக்க வேணும். அமென்டாக்கு எங்கட ஊர்ல இந்த ஒபரேசன் செஞ்சா வேளாம வெட்டு முடியும் வரைக்கும் அவவ குளக்கட்டிலதான் குடியிருத்த வேண்டி வரும் எண்டு நினைச்சன். பகிடி இல்ல, அந்த நாட்டிலயும் அதுதான் நடக்குது, கவரேஜுக்குள்ள மட்டும்தான் அந்த மனுசிக்கு உசிர். தூரம் போக வேணுமெண்டா பெக்கேஜ மாத்த வேணும், ரிவர்மைன்ட் ப்ளஸ், மாசத்துக்கு இன்னும் 500 டொலர்.

முதல்ல அவங்க மாத்தல்ல. வேணாம், எங்கயும் போகாம இரிப்பம் எண்டு முடிவெடுக்காங்க, நாங்களும் அப்பிடித்தான் எடுப்பம். அப்பதான் விளம்பரம் தொடங்குது.

இந்தப் பகுதிதான் எபிசோட்ட உச்சம், இத யோசிச்சவன்ட மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். அமென்டா கதைச்சிக்கிட்டே இரிக்கிறா, திடீரெண்டு குரல் மாறும், ரேடியோவில வாற மாதிரி ஒரு சாமான்ட விளம்பரத்த சொல்லிமுடிச்சிட்டு விட்ட இடத்தில இருந்து பழையபடி கதைப்பா. தான் சொன்னதே அவவுக்குத் தெரியாது. வகுப்பில ஒரு பெடியன் வீட்டுப் பிரச்சினைய வந்து சொல்லுறான், ரீச்சர் வாயத் திறந்தா ஏதோ குடும்ப ஆலோசனை நிலையத்துக்கு விளம்பரம் வருது, சமயம் சார்ந்த ஆலோசனையாம். அந்தப் பெடியன்ட முகத்தப் பார்க்கவேணும். பள்ளிக்கூடத்தில இருந்து எச்சரிக்க வருது. புருசன் பொஞ்சாதி தனிய இரிக்கிற நேரத்திலயும் விளம்பரம் வருது, அதுக்கு மேல நான் சொல்லல்ல.

போன வைகாசி எங்கட பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு. பாட்டுப் போடுறவன் காசு மிச்சம் பிடிக்க எண்டு போன்ல யூடியூப்ப ஸ்பீக்கருக்குக் குடுத்திரிக்கான். நல்லா உருக்கமாப் போய்க்கிட்டிரிக்கிற காவியம், சனம் கைகூப்பி நிக்குது, நடுவில ஒரு பொம்புள துள்ளல் குரல்ல ஷாம்பு விளம்பரம். ஊர் முழுக்கக் கேட்டுது. பூசை செய்யிற கப்புகனார் திரும்பிப் பார்த்த பார்வ இண்டைக்கும் ஞாபகம் இரிக்கி. அண்டைக்கு எல்லாரும் சிரிச்சம், ஸ்கிப் பண்ணுடா எண்டு கத்தினம். அமென்டாவ ஸ்கிப் பண்ணேலா, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேற வழியில்லாம ப்ளஸ்ஸுக்கு மாறுறாங்க. மறுகா அதுக்கும் மேல லக்ஸ் எண்டு ஒண்டு வருது, அதில சந்தோசம், நிம்மதி எல்லாத்தையும் போன்ல விரலால இழுத்துக் கூட்டிக் குறைக்கலாம். இதுக்கிடையில பழைய பெக்கேஜ்ல இரிக்கிற ஆக்களுக்கு நித்திர கூடிக்கிட்டே போகுது, ஏன் எண்டு கேட்டா அவங்க நித்திரையா இரிக்கிற நேரம் அவங்கட மூளையையே கொம்பனி செர்வரா பாவிக்குதாம். காசும் கட்டி வேலையும் செஞ்சு குடுக்க வேணும். பிள்ள பெற ஆசப்பட்டாங்களே, வயித்தில பிள்ள வந்தா அதுக்கும் மேலதிகமாக் கட்டவேணும். அடியில இரிக்கிற பெக்கேஜுக்குப் பேர் என்ன தெரியுமா, கொமன். தலைப்பப் பார்த்திட்டு சாதாரண சனத்தப் பத்தின கதை எண்டு நினைச்சிக்கிட்டிரிந்தன், பாதில வந்துதான் அது பெக்கேஜ்ட பேரும் எண்டு விளங்குது. நல்ல தலைப்பு.

இதில இன்னொரு பகிடி, இதக் காட்டுறது நெட்ஃபிளிக்ஸ். அவங்களே 2022 நவம்பர்ல அமெரிக்கா மாதிரி கொஞ்ச நாடுகளில விளம்பரத்தோட வாற மலிவுப் பெக்கேஜ் கொண்டு வந்தாங்க, அடுத்த வருசம் பாஸ்வேட் பங்குபோடுறதையும் இறுக்கினாங்க. ப்ரூக்கர் சம்பளம் தாறவன்ட வீட்டுக்குள்ளயே இரிந்து அவன நக்கலடிக்கிறார், அவங்களும் அத வாங்கிக் காட்டிக் காசு உழைக்கிறாங்க. ஆருக்கு வெற்றி எண்டு நீங்களே சொல்லுங்க.

இனி கெய்னர். ட்ரேசி எலிஸ் ராஸ் எண்ட நடிகை செய்யிறா, எனக்கு முழு எபிசோட்லயும் பிடிச்ச நடிப்பு இவட. சத்தம் போடமாட்டா, மிரட்டமாட்டா, கோவமா வந்த மைக்குக்கும் தண்ணி வேணுமா எண்ட மாதிரி மெல்லமாக் கதைப்பா. இன்னொரு படம் எண்டா இவவ ஒரு வில்லி மாதிரி சிரிக்கவிட்டிரிப்பாங்க. இஞ்ச அவவும் அதே கொம்பனிட வாடிக்கையாளர்தான், அவட தலைக்குள்ளயும் அந்தச் சாமான்தான் இரிக்கி. கேட்டா பதில் சொல்லுவா, கேளாட்டி சொல்லமாட்டா. கவரேஜ் எண்டு ஒண்டு இரிக்கி எண்டு முதல் நாளே சொல்லியிருக்கலாமே? நீங்க கேட்கல்லையே.

இந்த இடத்தில நான் படத்த நிப்பாட்டிட்டு வெளிய போய் ஒரு வெத்தில போட்டன். ஏன் எண்டா போன வருசம் ஒரு ஆச்சி கடைக்கு வந்தா, எங்கட தெருதான், மகள் மிடில் ஈஸ்ட்ல. "மனே, நீ போடுற காசு ரெண்டு நாளில முடியுது, நான் ஆருக்கும் எடுக்கல்ல, நீ கள்ளம் செய்யிறியா" எண்டு கேட்டா. எனக்கு சரியான கோவம், போன வாங்கிப் பார்த்தா ராசிபலன் அனுப்புற ஏதோ சேவையாம், ஒவ்வொரு நாளும் ஐஞ்சு ரூவா வெட்டுப்படுது, ஆச்சிக்கு மெசேஜ் வாசிக்கவே தெரியாது. எப்பவோ வந்த மெசேஜ்ல எதையோ அமத்தியிரிக்கா. நான் அத நிப்பாட்டிக் குடுத்தன், ஆச்சி ரெண்டு மாங்காய் கொண்டு வந்து தந்தா, நானும் நல்லவன் மாதிரி வாங்கி வச்சன். ஆனா அந்த மாதிரி சேவையள எத்தின பேருக்கு எண்ட கையாலயே போட்டுக் குடுத்திரிக்கன் எண்டு எனக்குத்தானே தெரியும். டார்கெட் எண்டு ஒண்டு தருவாங்க, முடிச்சா கொமிசன். நான் ஒரு பொய்யும் சொல்லல்ல, முதல் மாசம் ஃப்ரீ எண்டு சொன்னன், அது உண்மதான். ரெண்டாம் மாசத்தப் பத்தி ஒருத்தரும் கேட்கல்ல. கெய்னர் போட்டிரிக்கிற அந்த நல்ல சட்டையக் கழட்டிட்டுப் பார்த்தா உள்ளுக்கு நான்தான் நிக்கிறன்.

விஞ்ஞானம் எந்தளவு சரி எண்டு கேட்பீங்க. மூளைய செர்வர்ல ஏத்துறது கற்பனதான், ஆனா கொம்பனிய நம்பி உடம்புக்குள்ள சாமான் வச்ச சனத்துக்கு நடந்தது கற்பன இல்ல. அமெரிக்காவில செகண்ட் சைட் எண்டு ஒரு கொம்பனி ஆர்கஸ் 2 எண்டு ஒரு செயற்கைக் கண் செஞ்சாங்க, பார்வ போன ஆக்கள்ட விழித்திரையில வைக்கிற சாமான், 2013ல அங்கத்தைய அரசாங்க அனுமதியும் கிடைச்சுது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல வச்சிக்கிட்டாங்க, முழுப் பார்வ இல்ல, வெளிச்சம் இருட்டு உருவம் கொஞ்சம் தெரியும். 2019ல அந்த மொடல் செய்யிறத நிப்பாட்டினாங்க, 2020ல கொம்பனியே கவிழுற நிலைக்கு வந்துது. கண்ணுக்குள்ள சாமான வச்ச ஆக்கள் பழுதாப்போனா ஆர்ட்ட போறது? போன் பழுதானா எண்ட கடைக்கு வரலாம். இதப் பத்தி 2022ல பெரிய கட்டுரையெல்லாம் வந்தது. அத வாசிச்சவனுக்கு இந்த எபிசோட் எதிர்காலக் கதை மாதிரியே தெரியாது.

மாசக் காசு கட்ட ஏலாம மைக் கூட நேரம் வேல செய்யிறான், அதுவும் காணாது. டம் டம்மீஸ் எண்டு ஒரு இணையத்தளம், அங்க ஆக்கள் கமராவுக்கு முன்னால தங்களத் தாங்களே கேவலப்படுத்துவாங்க, பார்க்கிறவன் காசு போடுவான். எவ்வளவு கேவலமோ அவ்வளவு காசு. மைக் முதல்ல சின்னச் சின்ன விசயத்தில தொடங்கி பல்லப் புடுங்குற வரைக்கும் போறான். இத வெள்ளக்காரன்ட கிறுக்கு எண்டு தள்ளேலா, ராவு பன்னிரண்டு மணிக்கு டிக்டொக் லைவ் பார்த்த ஆக்களுக்குத் தெரியும், கிஃப்டுக்காக எங்கட ஆக்களே என்னென்ன செய்யிறாங்க எண்டு. ஆனா ஒரு குற சொல்லவேணும், இந்தப் பகுதி கொஞ்சம் கூடிப்போச்சி. ஏற்கனவே நெஞ்சில கால வச்சி அமத்தியாச்சி, மறுகா ஏன் ஏறி மிதிக்கிறீங்க? வேல போற இடத்தில வாற சண்டையும் அவசரமா முடியுது, ஒரு ஆள வேலையில இருந்து அனுப்ப வேணும் எண்டதுக்காக எழுதின மாதிரி இரிக்கி.

இன்னொண்டு, இந்தச் சோடிக்கு சொந்தக்காரர் எண்டு ஒரு மனுசன் இல்லையாகா? ஒரு மாமி இல்ல, மச்சான் இல்ல, அயல்ல ஒரு ஆள் வந்து ஒரு சுண்டுச் சோறு வச்சிட்டுப் போகல்ல. இத எண்ட மனுசிட்ட சொன்னன். எங்கட ஊர்ல இப்பிடி ஒண்டு நடந்தா முதல் மாசக் காச சுவிஸ்ல இரிக்கிற ஆரும் அனுப்புவாங்க, ரெண்டாம் மாசத்துக்குத் தாலிக்கொடியத் தவிர மத்ததெல்லாம் ஈடு போகும், மூண்டாம் மாசம் சீட்ட முந்தி எடுப்பம். மனுசி கேட்டா, "நாலாம் மாசம்?" எனக்கு வாயில வரல்ல. நாலாம் மாசம் மைக்ரோ பினான்ஸ்காரன் வருவான், கிழமைக்குக் கிழம, மோட்டச்சைக்கிள படலையில விட்டிட்டுக் கொட்டிலுக்குள்ள வந்து கதிர போட்டு இரிப்பான், கடன் எடுத்த மனுசியள் பின்பக்கத்தால போய் ஒளிச்ச கதையெல்லாம் இஞ்ச புதுசில்ல. வீடு வளவு மகள்ட பேருக்கு எழுதி வச்சிரிக்கிற ஊர் இது, கடைசியா அதுவும் போகும். அப்ப சொந்தம் இரிந்தா கதை மாறாது, நாலு மாசம் பிந்தும், அவ்வளவுதான். இருந்தாலும் அந்த நாலு மாசத்தையும் காட்டியிரிக்கலாம்.

நடிப்பு பத்திச் சொல்லவே தேவையில்ல. மைக்கா வாற கிறிஸ் ஓ டவ்ட் அயர்லாந்துக்காரன், பகிடி நடிகன் எண்டுதான் பேர், அதாலதான் அவன் சிரிப்ப விட்டு இறங்குற ஒவ்வொரு படியும் எங்களுக்கு நோகுது. அமென்டாவா வாற ரஷீடா ஜோன்ஸ் 2016ல இதே தொடர்ல வந்த 'நோஸ்டைவ்' எபிசோட்ட இன்னொருத்தரோட சேர்ந்து எழுதினவ, இந்த முற முன்னால வந்து நிக்கிறா. விளம்பரம் சொல்லுற குரலுக்கும் சொந்தக் குரலுக்கும் நடுவில ஒரு நூல் அளவு இடைவெளி வைக்கிறா பாருங்க, கண் மட்டும் கொஞ்சம் வெறுமையாகும், வேற ஒண்டும் செய்யமாட்டா. சும்மா ஒரு தகவல், ரஷீடா ஜோன்ஸ் குவின்சி ஜோன்ஸ்ட மகள், ட்ரேசி டயானா ராஸ்ட மகள். ரெண்டு பெரிய இசைக்காரர்ட புள்ளையள் ஒரு மேசையில எதிர் எதிரா இரிந்து மூளைக்கு விலை பேசுறாங்க. இயக்கம் அலி பேன்கியு, அந்தச் சின்ன வீடு வரவர மங்கிப் போறத நாங்க கவனிக்காத மாதிரியே செஞ்சிரிக்கிறா.

பார்க்கலாமா எண்டா கட்டாயம் பார்க்கலாம், பத்துக்கு எட்டர குடுப்பன், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். தனிக்கதை எண்டதால முந்தின சீசன் ஒண்டும் பார்த்திரிக்கத் தேவையில்ல. சின்னப் புள்ளையளோட பார்க்காதீங்க, பல்லுப் புடுங்குறது மட்டுமில்ல, வேற காட்சியும் இரிக்கி. வீட்டில ஆருக்கும் புற்றுநோய், கட்டி எண்டு மருத்துவம் நடந்துக்கிட்டு இரிந்தா இப்ப வேணாம், மறுகா பாருங்க. சாப்பிட்ட உடன படுக்கிற ஆக்களும் ராவில பார்க்காதீங்க, நித்திர வராது.

எண்ட மனுசிக்கு மட்டும் வந்திட்டு. வெள்ளன எழும்பிப் பிட்டு அவிக்கிற ஆள், அமென்டாக்கு நித்திர கூடுற இடத்தில அவவும் தலகாணில சாஞ்சிட்டா. நான் மட்டும் முடிவு வரைக்கும் பார்த்தன். முடிவ சொல்லமாட்டன், ஒரு அர மணித்தியாலக் கணக்கு வருது எண்டு மட்டும் சொல்லுறன், பார்த்த ஆக்களுக்கு விளங்கும். லைட்ட நூத்திட்டு கன நேரம் மனுசிட மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு கிடந்தன்.

காலையில தேத்தண்ணி தரக்க கேட்டா.

"மறுகா அந்த ரீச்சருக்கு என்ன நடந்த?"

"சுகமாயிட்டா."

"பள்ளிக்கூடம் போறாவா?"

"ஓம், போறா."

"அப்ப நல்ல படம்தான்" எண்டுட்டு குசினிக்குள்ள போயிட்டா. நான் கடையத் திறக்கப் போனன், புது பெக்கேஜ் போஸ்டரோட பெடியன் வாசல்ல நிண்டான்.